தூரமுங்களா

வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்க போறீங்க" என்று கேட்பது எங்கள் பக்கம் பெரிய குற்றம். கேட்டுவிட்டால் போகிற காரியம் ஆகாது. செருப்பு மாட்டியவர் செருப்பைக் கழற்றுவார். உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து, கேட்டவரை மனசுக்குள் நாலு வார்த்தை வைதுவிட்டு மறுபடி புறப்படுவார். அதற்காக எதிரே வருகிற மனுஷனை ஒன்றும் கேட்காமல் விடவும் முடியாதே. அதனால் "தூரமுங்களா?" என்போம். அவரும் "கொஞ்ச தூரந்தானுங்க" என்பார். வாளையார் தாண்டிப் போகிறவருக்கும் கொஞ்ச தூரம்தான், வரப்பு தாண்டிப் போகிறவருக்கும் கொஞ்ச தூரம்தான்.

இது தெரியாமல் வந்த புதிதிலேயே மாட்டிக்கொண்டவர், எங்கள் தோட்டத்து வீட்டில் வாடகைக்கு இருந்த ஜெர்மன் வாத்தியார். என் மாமா தன் மகனுக்குப் பெண் பார்க்க வெள்ளை வேட்டி கட்டி, மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் புத்தகத்தில் தமிழ் படித்தவர். தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டு, "தாங்கள் எங்கே செல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார்.

மாமா வண்டியை அப்படியே ஸ்டாண்டு போட்டார். "ஆகா, வாயத் தொறந்துட்டாருடா செர்மன்காரரு! அம்மிணி, ஒரு சொம்பு தண்ணி கொண்டா!"

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, பேரனும் பிறந்து நடக்கிறான். இன்றைக்கும் மாமா சொல்வார்: "பொண்ணூட்டுக்காரங்க வேண்டாம்னு சொல்லலீங்க மாப்ள. செர்மனிதான் வேண்டாம்னு சொல்லிருச்சு."

வாத்தியார் எங்களிடம் வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா, நர்ஸ் படித்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவள். வாத்தியாரின் மனைவி கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது பார்த்துக்கொண்டது அவள்தான். மனைவி போனபின் அந்த மனிதர் பனிக்காலம் முழுக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். "எங்க ஊருல இப்ப வெயிலடிக்கும், போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க" என்று அக்கா அனுப்பிவைத்தாள். வெள்ளைக்காரருக்குக் குளிர்தான் ஒத்துக்கொள்ளும் என்று நான் முதலில் மலைமேல் மறையூரில் அறை பிடித்துக் கொடுத்தேன். வெல்லம் காய்ச்சுகிற கொட்டகைகளை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "குளிர் எங்கள் ஊரிலேயே இருக்கிறது" என்று சொல்லி, பாலக்காட்டு எல்லையோரம் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு இறங்கி வந்துவிட்டார். அதிலிருந்து அங்கே குளிர் தொடங்கினால் வருவார், இங்கே வெயில் ஏறினால் போவார்.

தச்சர் மகன். சின்ன ஊர் ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் விட்ட நேரமெல்லாம் தன் வட்டாரத்தின் பழங்கதையைத் தேடிக்கொண்டு திரிந்தவர். ராஜா, கோட்டை இதெல்லாம் அவருக்கு வேண்டாம். எந்த நிலத்துக்கு என்ன பேர், ஏன் அந்தப் பேர், மூலைக் கிணற்றை வெட்டினவர் யார், அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே போனார்கள். இதைத்தான் ஆயுசு முழுக்கக் கேட்டிருக்கிறார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சரித்திரம் என்றால் பரீட்சையில் வருவது என்று நினைத்திருந்தேன். எனக்கும் சின்ன வயசிலிருந்து ஒரு கிறுக்கு உண்டு. பஸ்ஸில், சந்தையில், சாவு வீட்டில் யார் என்ன பேசினாலும் காதில் பிடித்து வைத்துக்கொள்வேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம்.

மழையை நம்பி விதைக்கிற நிலத்தை நாங்கள் காடு என்போம். அவர் காடு காடாக நடந்து பேர் கேட்டார். யாரையும் வீட்டுக்குள் வைத்துக் கேட்க மாட்டார். "ஊட்டுக்குள்ள கேட்டா போட்டோவுக்கு உக்காந்த மாதிரி உக்காந்துக்கறாங்க. நடந்துட்டே கேட்டா வாய் தானா வருதுங்க" என்பார். ஆமாம், அவருடைய புத்தகத் தமிழ் இரண்டாம் வருஷத்திலேயே கரைந்துபோய் "ஏனுங்க", "ஊடு" என்று ஆகியிருந்தது. டீக்கடைக்காரர் சொல்வார்: "கண்ண மூடிட்டுக் கேட்டா நம்ம பங்காளி பேசறாப்புலயே இருக்குதுங்க. கண்ணத் தொறந்தாத்தான் பயமா இருக்குது."

பூனைக்காடு, கஞ்சிக்காடு, கோவக்காடு. கோவக்காட்டின் கதையைச் சொன்னது ஆடு மேய்க்கிற ஒரு பாட்டியம்மா. "அண்ணந்தம்பி ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க. ஒரே காட்ட ஆளுக்கொரு பக்கமா உழுதுட்டு வந்தாங்க. நடுவால வந்து ரெண்டு ஏரும் முட்டிக்கிச்சு. ரெண்டு பேரும் நவுரலை. மாடு நாலும் ஒண்ணா நின்னு அசை போட்டுதாமா." வாத்தியார் அன்று முழுவதும் இதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

ஒருநாள் பம்புசெட் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தன் ஊரில் தான் எழுதின புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். யுத்த காலத்தில் ஒரு காலை நேரம், அந்த ஊரிலிருந்த யூதக் குடும்பங்கள் கையில் பெட்டியோடு கடைவீதி வழியாக ரயில் ஸ்டேஷனுக்கு நடத்திப் போகப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. அப்போது இவர் தொட்டில் பிள்ளை. வளர்ந்து வாத்தியாரானபின் அந்த வீதியில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களைக் கேட்டிருக்கிறார்.

பார்த்தீர்களா?

பார்த்தோம்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டீர்களா?

கேட்கவில்லை.

எல்லா வீட்டிலும் இதே பதில். வீட்டுக்கு வீடு அதை எழுதிப் புத்தகமாகப் போட்டார். ரொட்டிக் கடைக்காரர் இவருக்கு ரொட்டி விற்கவில்லை. எதிரே வந்தவர்கள் தெருவின் அந்தப் பக்கம் மாறி நடந்தார்கள். மனைவி மட்டும் கூடவே நின்றாள்.

"உங்க ஊருலயும் கேக்க மாட்டீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அய்யா, நாங்க கேக்காம இருக்கறது, போறவங்க நல்லபடியாப் போய்ச் சேரணும்னுங்க."

"தெரியுமுங்க. அது வேற, இது வேற." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். "இருந்தாலும்…" என்றவர், கால்களை வாய்க்காலிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

கடைசித் தடவை வந்தபோதே ஆள் மாறியிருந்தார். சட்டைப் பித்தான் ஒன்று விட்டு ஒன்று போட்டிருப்பார். என்னை வேறு ஏதோ பேர் சொல்லிக் கூப்பிடுவார். பழைய மாணவன் பேராக இருக்க வேண்டும். பூனைக்காட்டுக்காரர் வேலியோரம் நின்று சிரிப்பார்: "வாத்தியாரே, நேத்துத்தானுங்க சொன்னேன். ஒரு ராத்திரியில பேரு மாறிப்போயிருமா?" வாத்தியாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மறுநாளும் போய்க் கேட்பார். பாலக்காட்டு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "தனியா விடாதீங்க" என்றார். ஜெர்மனியிலிருந்து வாத்தியாரின் மகள் போன் மேல் போன், வந்துவிடுங்கள் என்று. "அடுத்த வாரம்" என்பார். அடுத்த வாரமும் அதையே சொல்வார். அப்படியே மார்ச்சு வெயில் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்து மார்ச்சு வெயிலைச் சொல்லி மாளாது. நண்பகலில் வெளியே இறங்க வேண்டாம் என்று பஞ்சாயத்தில் ஆட்டோவுக்கு மைக் கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு நாளில் நான் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி போயிருந்தேன். மனைவி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, வாத்தியாரய்யா காலைல போனவரு இன்னும் வரலீங்க. சோறு ஆறிப்போச்சு."

"எங்க போனாரு?"

"அத நான் எப்படிங்க கேக்கறது?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கியிருக்கிறார். இவள் "தூரமுங்களா அய்யா?" என்றிருக்கிறாள். "கொஞ்ச தூரந்தான் அம்மிணி" என்று, எப்போதும் போலத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பித்தான்கூட அன்றைக்குச் சரியாகப் போட்டிருந்தாராம்.

லோடை அப்படியே விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தேன். வெயில் தகித்தது. பஸ் கம்பியைத் தொட முடியவில்லை. அந்தத் தலையில், அந்த வெள்ளைத் தோலில் இது எத்தனை நேரம் விழுந்துகொண்டிருக்கிறதோ என்பதைத் தவிர என் மனசில் வேறொன்றும் ஓடவில்லை.

டீக்கடையில் கேட்டேன்.

"பாத்தனுங்க. தொப்பியக் கழட்டிக் கும்புட்டாரு. தூரமுங்களான்னேன். கொஞ்ச தூரந்தானுங்கன்னாரு. என்னமா அழகாச் சொன்னாரு! அதுலயே மனசு குளுந்து, வேற ஒண்ணும் தோணலீங்க."

"எந்தப் பக்கம்?"

"கள்ளுக்கடைப் பக்கந்தானுங்க."

கள்ளுக்கடையில் மர நிழலில் இருந்த கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "வந்தாரு, போனாரு. எங்க போறாருன்னா? ஏப்பா, போறவர மறிச்சு எங்கன்னு கேக்கற பழக்கம் எங்கப்பன் காலத்துலயும் இல்ல, என்ற காலத்துலயும் இல்ல. இப்ப வந்து கேக்கறயே."

எல்லாரும் பார்த்திருந்தார்கள். பால் சொசைட்டியில் பார்த்திருந்தார்கள், பஸ் ஸ்டாப்பில் பார்த்திருந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் பிரியமாக வழியனுப்பியிருந்தார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பிரியத்தை நினைத்து எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர் வடக்கே கண்ணூர்ப் பக்கத்துக்காரர். "இத்ரயும் பேரு கண்டிட்டு, எவிடெ போகுன்னூன்னு ஆரும் சோதிச்சில்லே?" என்றார். இத்தனை பேர் பார்த்தும் எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லையா என்று. இல்லை சார் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? பாவம், ஜீப்பை எடுத்துக்கொண்டு அவர் ஹைவே பக்கம் தேடப் போனார்.

மாமா மொபெட்டோடு வந்துவிட்டார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வாத்தியார் பேர் எழுதிக்கொண்ட காடெல்லாம் போய்ப் பார்த்தோம். கஞ்சிக்காட்டில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். வறண்ட கிணறு. அடியில் ஒரு பிளாஸ்டிக் குடம் கிடந்தது. பூனைக்காட்டில் இல்லை. ஒரு காட்டுக்கும் அடுத்த காட்டுக்கும் நடுவே எங்காவது விழுந்து கிடக்கலாமே என்று வரப்பு வரப்பாகக் கூப்பிட்டுக்கொண்டு போனோம். என் தொண்டை கட்டிவிட்டது. மாமா வண்டி ஓட்டிக்கொண்டே, "என்ற சம்பந்தத்தக் கெடுத்த மனுஷன், இப்படி வெசனப்பட வெச்சுட்டுப் போயிட்டாரே" என்று தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொழுது மேற்கே இறங்கத் தொடங்கியிருந்தது. அத்தனை நேர வெயிலை ஒரு கிழ உடம்பு தாங்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மாமா வண்டியை இன்னும் விரட்டினார்.

கோவக்காட்டில் அந்த ஆட்டுக்காரப் பாட்டியம்மா இருந்தார்.

"காலைல பாத்தனே. கிழக்கால போனாரு. அங்க வேலியோரத்துல ஒரு கல்லு இருக்குதல்லோ, அதுகிட்ட நின்னு தொப்பியக் கழட்டிட்டு, கையால ரெண்டு தட்டுத் தட்டுனாரு. முனியப்பங் கல்லுன்னு நெனச்சுட்டாராட்டம் இருக்குதுன்னு எனக்குச் சிரிப்பு. சாமி கும்புடறவர எதுக்குக் கூப்படறதுன்னு விட்டுட்டேன்."

அது முனியப்பன் கல் இல்லை. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே நட்ட எல்லைக்கல். எனக்கு மண்டையில் யாரோ தட்டின மாதிரி இருந்தது.

அவர் ஊரில் ஒரு வழக்கம் உண்டு என்று முன்பு சொல்லியிருந்தார். வருஷத்தில் ஒருநாள் வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் எல்லையைச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு எல்லைக்கல் வந்ததும் சின்னப் பிள்ளையைத் தூக்கி, கல்லின் மேல் டொக்கென்று உட்கார வைப்பார்களாம். எதற்கு என்று கேட்டதற்கு, எங்கள் பேச்சிலேயே சொன்னார்: "தலை மறந்தாலும் குண்டி மறக்காதுங்க." நாங்கள் காட்டுப் பேர்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அவர் எல்லை சுற்றப் போயிருக்கிறார்.

எல்லைக்கல் வரிசையைப் பிடித்துக்கொண்டு போனோம். வண்டி போகாத இடத்தில் இறங்கி ஓடினோம். ஒரு கல், அடுத்த கல், சப்பாத்திக் கள்ளிக்குள் மறைந்த இன்னொன்று. தண்ணீரில்லாத ஒரு பள்ளத்தைத் தாண்டினதும் தொப்பி கிடந்தது. மாமா அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

கொஞ்சம் தள்ளி ஒரு பனை. அதன் அடியில் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தாரோ, அப்போது நிழல் அவர் மேல் இருந்திருக்கும். அது நகர்ந்து எங்கேயோ போய்விட்டிருந்தது. முகம் வெந்துபோயிருந்தது. உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கால் செருப்புகளைக் கழற்றி ஜோடியாகப் பக்கத்தில் வைத்திருந்தார். கண் திறந்திருந்தது. எதிரே இருந்த வெறும் காட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு இல்லை அது. ஒரு வார்த்தை சொல்வார், நிறுத்துவார், காத்திருப்பார். அடுத்த வார்த்தை சொல்வார், காத்திருப்பார். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் எட்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு அது என்னவென்று தெரியாமல் போகுமா? அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் பாட்டில் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு பேரைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பதில் வராததால் மறுபடி அதையே சொன்னார். குரல் உடைந்தது. மூன்றாம் தடவையும் சொன்னார்.

"உள்ளேனுங்கய்யா" என்றார் மாமா.

வாத்தியார் தலையைத் திருப்பினார். தொப்பியோடு நிற்கிற மாமாவைப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. உட்கார் என்று கையைக் காட்டினார். மாமா அந்தக் கட்டாந்தரையில் உட்கார்ந்தார். அடுத்த பேர். "உள்ளேனுங்கய்யா." அதற்கடுத்த பேர். மாமா அழுதுகொண்டே ஒவ்வொரு பேருக்கும் பதில் சொல்ல, நான் துண்டை நனைத்து வாத்தியார் கழுத்தில் போட்டுவிட்டுப் போனில் ஆம்புலன்சுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

உயிர் தங்கியது. ஆனால் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கண் விழித்தவரிடம் தமிழ் இல்லை. ஒரு "ஏனுங்க" கூட இல்லை. மனைவி கொண்டுபோன கஞ்சியை வாங்கிக் குடித்தார், முன்பின் தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரி தலையை ஆட்டி நன்றி சொன்னார். அவள் வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகள் வந்தாள். ஐம்பது வயசுக்காரி, அப்பாவின் அதே மூக்கு. என்னிடம் இங்கிலீஷில் பேசினாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் தேங்காய் வியாபாரத்துக்கு மட்டும் ஆனது. என் மனைவியைக் காட்டி, "அன்று காலை வீட்டில் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது இவர்தானே? எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லையா?" என்றாள். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"என்னங்க கேக்கறாங்க?" என்றாள் மனைவி.

அதைச் சொன்னேன். அவள் அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்து, "நல்லபடியாப் போயிட்டு வரணும்னுதானுங்க கேக்கலை" என்றாள். அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். சொல்லும்போதே, எந்த ஊரில், எந்த வீதியைப் பற்றிப் புத்தகம் எழுதியவரின் மகளிடம் இதைச் சொல்கிறோம் என்று உறைத்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அவளுக்குப் பாதியே போதுமாக இருந்தது போல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து வந்து, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்குக் கார் வந்த அன்று டீக்கடைக்காரர், பூனைக்காட்டுக்காரர், கள்ளுக்கடைக் கிழவர் என்று எல்லாரும் ரோட்டோரம் நின்றார்கள். மாமா தொப்பியைக் கொடுத்தார். வாத்தியார் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தார். யாருக்கும் "தூரமுங்களா" என்று கேட்க வாய் வரவில்லை. எவ்வளவு தூரம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கார் வாளையார் ரோட்டில் திரும்பும்வரை நின்றோம்.

இப்போது அவர் அங்கே முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அக்கா வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். காலையானால் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல் கதவுப் பக்கம் வந்து நிற்கிறாராம். அங்கே வேலை செய்கிற பெண்கள் நல்லவர்கள், "எங்கே போகிறீர்கள்?" என்று தினமும் தவறாமல் கேட்கிறார்களாம். கேட்பது அங்கே சட்டமாம். இவர் பதில் சொல்லத் தெரியாமல் திணறி, கலங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாராம்.

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்திலிருந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு என் கையில் போனை எடுத்துக் கொடுத்தாள்.

"அக்காவ மறுக்காக் கூப்புடுங்க. தூரமுங்களான்னு கேக்கச் சொல்லுங்க. நம்ம பேச்சுலயே கேக்கட்டும். அதுக்குச் சொல்லுவாருங்க."